தலைக்கு வெளியே ஒரு லாக் புக்

நெய்வேலி டவுன்ஷிப்பில் என் தங்கை வீட்டில் மாலை ஏழு மணிக்கு மேல் தினமும் ஒரு நாடகம் நடக்கும். நான் போயிருந்த நாளில் பார்த்தது இது. ஐந்தாம் வகுப்புப் பையன், மேசையில் கணக்கு நோட்டு, அதில் ஐந்து வகுத்தல் கணக்குகள். முதல் கணக்கை நாலு நிமிடத்தில் முடித்துவிட்டான், விடையும் சரி. இரண்டாவதில் பென்சில் முனை உடைந்தது. சீவிக்கொண்டு வருகிறேன் என்று எழுந்து போனவன் திரும்பவில்லை.

"டேய், பென்சில் சீவ இவ்வளவு நேரமா?"

"இதோ வந்துட்டேம்மா."

வரவில்லை. போய்ப் பார்த்தால் வராண்டா விளக்கடியில் குந்தியிருக்கிறான். செத்து விழுந்த விட்டில் ஒன்றை எறும்புகள் இழுத்துப் போகின்றன. ஷார்ப்னர் கையில் இருக்கிறது, பென்சில் காதில் செருகியிருக்கிறது. எதற்காக எழுந்து வந்தோம் என்பது மட்டும் அவனிடம் இல்லை. ஒன்பது மணிக்கு மூன்று கணக்குகள் மிச்சம். அவனும் அழுகிறான், என் தங்கையும் அழுகிறாள்.

இரண்டாம் ஷிப்ட் முடிந்து இரவு வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அறிவில்லாதவன்னா பரவாயில்லை. தெரிஞ்சும் பண்ண மாட்டேங்கறான். மனசு வெச்சா முடியும்."

மறுநாள் காலை காபி குடிக்கும்போது அவரிடம் அவர் வேலையைப் பற்றிக் கேட்டேன். அவர் அனல் மின் நிலையத்தில் இருக்கிறார். ஷிப்ட் மாறும்போது என்ன செய்வீர்கள்? லாக் புக் எழுதி, அடுத்து வருபவரிடம் படித்துக் காட்டி ஒப்படைப்போம் என்றார். எந்த பம்பில் பேரிங் சூடாகிறது, எந்த வால்வு மூடியிருக்கிறது, எந்த இடத்தில் பெர்மிட் கொடுத்து ஆள் வேலை செய்கிறார் என்று ஒன்று விடாமல் எழுத வேண்டும்.

"இருபது வருஷ சர்வீஸ். இதெல்லாம் ஞாபகத்துல நிக்காதா மாப்பிள்ளை?"

சிரித்தார். "அதெல்லாம் தலையை நம்பி விடற விஷயமா மச்சான்?"

ஏ.டி.எச்.டி.க்கான தெரபி பற்றி நூறு பக்கம் படித்தாலும் கிடைக்காத விளக்கம் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. மின் நிலையத்தில் மனித ஞாபகத்தையும் மன உறுதியையும் நம்பி யாரும் எதையும் விடுவதில்லை. அதை யாரும் பலவீனம் என்று சொல்வதும் இல்லை. பத்து வயதுப் பையனிடம் மட்டும் எல்லாவற்றையும் தலைக்குள்ளேயே வைத்து நடத்து என்கிறோம்.

ஏ.டி.எச்.டி.யைத் தமிழில் கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறு என்று எழுதுகிறார்கள். பெயரிலேயே பாதிக் குழப்பம். இந்தப் பையனை நெய்வேலி புத்தகக் கண்காட்சிக்கு அழைத்துப் போனால், விண்வெளிப் புத்தகம் ஒன்றை எடுத்துக்கொண்டு ஸ்டால் ஓரமாக ஒரு மணி நேரம் நிற்பான், கூப்பிட்டாலும் காதில் விழாது. சுரங்கத்தின் பக்கெட் வீல் இயந்திரம் மண்ணை எப்படி வாரி கன்வேயரில் கொட்டுகிறது என்று அரை மணி நேரம் விளக்குவான். கவனம் வேண்டிய மட்டும் இருக்கிறது. தேவையான நேரத்தில் தேவையான பக்கம் அதைத் திருப்புவதுதான் அவனுக்குக் கஷ்டம்.

அந்தத் திருப்புகிற வேலை பெரும்பாலும் மூளையின் முன்பகுதியுடையது. செய்ய வந்த காரியத்தை மனதில் பிடித்து வைப்பது, இடையில் எழும் ஆசையைத் தடுப்பது, நேரம் எவ்வளவு போயிற்று என்று உணர்வது, நாளைக்கு வரப்போகும் பலனுக்காக இன்று சலிப்பைத் தாங்குவது எல்லாம் அங்கேதான் நடக்கின்றன. டோபமின் என்ற வேதிப்பொருள் இந்த வலைப்பின்னலில் முக்கியமானது. தள்ளி வரும் பரிசின் மதிப்பு எல்லோருக்கும் கொஞ்சம் மங்கித்தான் தெரியும். ஏ.டி.எச்.டி. உள்ளவர்களுக்கு அது வேகமாக மங்கிவிடுகிறது. அரையாண்டுத் தேர்வு மதிப்பெண் ரொம்பத் தூரத்தில் இருக்கிறது, எறும்பு பக்கத்திலேயே இருக்கிறது.

2007-ல் அமெரிக்காவில் பிலிப் ஷா என்பவரின் குழு நூற்றுக்கணக்கான குழந்தைகளின் மூளையை எம்.ஆர்.ஐ.யில் பார்த்தது. மூளைப் புறணி தன் உச்சத் தடிமனை எட்டும் வயதின் நடுமதிப்பு மற்றக் குழந்தைகளுக்கு 7.5 ஆகவும், ஏ.டி.எச்.டி. உள்ளவர்களுக்கு 10.5 ஆகவும் இருந்தது. வளரும் வரிசை ஒன்றுதான், ஆனால் மூன்று வருடம் பின்தங்கி வருகிறது. முன்பகுதியில்தான் அந்தத் தாமதம் அதிகம். ஒரு தனிப் பையனின் ஸ்கேனைப் பார்த்து இவனுக்கு ஏ.டி.எச்.டி. என்று யாரும் சொல்ல முடியாது, இது கூட்டத்தின் சராசரி. ஆனாலும் "பத்து வயசாச்சு, இன்னும் ஏழு வயசுப் பையன் மாதிரி" என்று அம்மாக்கள் அலுத்துக்கொள்ளும்போது, தங்களை அறியாமல் நரம்பியல்தான் பேசுகிறார்கள்.

இது செல்போன் காலத்து நோயும் இல்லை. ஸ்காட்லாந்து மருத்துவர் அலெக்சாண்டர் கிரைட்டன் 1798-லேயே இப்படிப்பட்ட அலைபாயும் கவனத்தை எழுதி வைத்திருக்கிறார். லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் 1902-ல் தன் சொற்பொழிவுகளில் இத்தகைய குழந்தைகளைப் பற்றிப் பேசினார். உலக அளவில் குழந்தைகளில் சுமார் 5 சதவீதம் என்பது பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு. நமக்கு அருகில் ஒரு கணக்கு வேண்டும் என்றால் கோயம்புத்தூர் மாவட்டத்தில் எடுத்தது இருக்கிறது: 6 முதல் 11 வயது வரையிலான 770 பள்ளிக் குழந்தைகளில் 11.32 சதவீதம் பேருக்கு இருந்ததாக 2013-ல் வெளிவந்தது. சில பள்ளிகளில் எடுத்ததைத் தமிழ்நாடு முழுக்க நீட்டிவிடக் கூடாது. அந்த ஆய்வில் வசதி குறைந்த வீட்டுக் குழந்தைகளிடம் இது அதிகமாகத் தெரிந்தது என்பதைத்தான் நான் நினைவில் வைத்திருக்கிறேன். 'பணக்கார வீட்டுச் செல்லம்' என்று இதைத் தள்ளிவிடுகிறவர்கள் கொஞ்சம் யோசிக்கலாம்.

துறுதுறுவென்று இருக்கிற பையன்களெல்லாம் ஏ.டி.எச்.டி. கிடையாது. அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும், ஆறு மாதமாவது நீடிக்க வேண்டும், வீடு, பள்ளி என்று குறைந்தது இரண்டு இடங்களில் தெரிய வேண்டும், வாழ்க்கையைக் கெடுக்கவும் வேண்டும். தூக்கம், காது, கண் இவற்றில் கோளாறு இல்லை என்று பார்த்த பிறகே மருத்துவர் முடிவுக்கு வருவார். பெண் பிள்ளைகள் பெரும்பாலும் ஓடியாடாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். வகுப்பில் தொந்தரவு தராததால் யாரும் அவர்களை மருத்துவரிடம் அனுப்புவதில்லை. கல்லூரிக்குப் போய், எல்லாம் தலைக்கு மேல் போன பிறகுதான் பலருக்குத் தெரியவருகிறது.

சரி, தெரபி. பையனுக்கு ஏ.டி.எச்.டி.தான் என்று தெரிந்த பிறகு இந்தச் சொல்லைக் கேட்டதும் என் தங்கை நினைத்தது, பையனை ஓர் அறைக்குள் கூட்டிப்போய் யாரோ ஒரு மேடம் ஒரு மணி நேரம் பேசித் திருத்தி அனுப்புவார் என்று. முதல் நாளே ஏமாந்தாள். உளவியலாளர் பையனிடம் கொஞ்ச நேரம்தான் பேசினார், மிச்ச நேரமெல்லாம் அப்பா அம்மாவிடம்தான். சின்னக் குழந்தைகளுக்கான சிகிச்சையில் பாடம் படிக்க வேண்டியவர்கள் பெற்றோர்தான். ஆறு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மருந்துக்கு முன்னால் பெற்றோர் பயிற்சி என்றுதான் மருத்துவ வழிகாட்டிகளும் சொல்கின்றன.

பெற்றோர் வளர்ப்பு சரியில்லாததால் வந்த கோளாறா என்றால், இல்லை. இரட்டையர் ஆய்வுகளின்படி ஏ.டி.எச்.டி.யில் மரபின் பங்கு 70 சதவீதத்துக்கு மேல். ஆனால் கோளாறு உள்ள குழந்தையைச் சுற்றி ஒரு சுழல் உருவாகிவிடுகிறது. அம்மா கூப்பிடுகிறாள், பிள்ளை நழுவுகிறது. அம்மா கத்துகிறாள், பிள்ளையும் கத்துகிறது. கடைசியில் அம்மா சோர்ந்து "போ, எக்கேடோ கெட்டுப் போ" என்று விட்டுவிட்டால், கத்தினால் தப்பிக்கலாம் என்று பிள்ளை கற்றுக்கொள்கிறது. கத்தலுக்குப் பயந்து பிள்ளை அடங்கிவிட்டால், கத்தினால்தான் நடக்கும் என்று அம்மா கற்றுக்கொள்கிறாள். இரண்டு பேருக்குமே பரிசு கிடைப்பதால் கத்தல் நாளுக்கு நாள் வளர்கிறது. அமெரிக்காவின் ஆரெகனில் ஜெரால்ட் பேட்டர்சன் குடும்பங்களை வீட்டுக்கே போய்ப் பார்த்து வகுத்தது இந்தச் சுழல். பெற்றோர் பயிற்சி என்பது பெரும்பாலும் இதை அறுக்கிற கலைதான்.

பயிற்சியில் சொன்னவை கேட்க ரொம்பச் சாதாரணமாக இருந்தன. சமையலறையிலிருந்து குரல் கொடுக்காதே, பக்கத்தில் போய், கண்ணைப் பார்த்து, ஒரு நேரத்தில் ஒரே ஒரு வேலையைச் சொல். "ஒழுங்கா இரு" என்றால் அவனுக்கு என்ன செய்வதென்று தெரியாது, "நோட்டை எடுத்து மேசையில வை" என்று சொல். வைத்தால் உடனே அந்தக் காரியத்தைப் பெயர் சொல்லிப் பாராட்டு. ஐந்து கணக்கை ஒரே மூச்சில் கேட்காதே, இரண்டு முடித்தால் ஒரு டிக், இரண்டு டிக்குக்குப் பத்து நிமிடம் சைக்கிள். அந்த சைக்கிள் அன்றைக்கே, அப்போதே கிடைக்க வேண்டும்.

"இது லஞ்சம் இல்லையா?" என்று மாப்பிள்ளை கேட்டார். தவறு செய்யாமல் இருப்பதற்காக முன்கூட்டியே கொடுப்பதுதான் லஞ்சம். வேலை முடிந்த பிறகு பேசியபடி கொடுப்பது கூலி. மாதக் கடைசியில் சம்பளம் வரும் என்ற தெம்பில் நாமெல்லாம் முப்பது நாள் தாங்குகிறோம். இவனுடைய மாதத்துக்குப் பத்து நிமிடம்தான் நீளம். அவனுக்கு அவன் மாதத்தின் கடைசியில் சம்பளம் போடச் சொல்கிறது தெரபி. மாதத்தைப் பிறகு மெல்ல மெல்ல நீட்டிக்கொள்ளலாம்.

சிக்கல் வேறு இடத்திலிருந்து வந்தது. புத்தகங்களில் இருக்கும் குடும்பத்தில் அப்பா மாலை ஆறு மணிக்கு வீடு திரும்புவார். இங்கே அவர் ஒரு வாரம் காலை ஷிப்ட், ஒரு வாரம் மதியம், ஒரு வாரம் இரவு. நைட் ஷிப்ட் வாரத்தில் பகலில் தூங்குவார், வீட்டில் சத்தம் கூடாது. அவர் விழித்திருக்கும் நேரத்தில் ஒரு சட்டம், அம்மா இருக்கும் நேரத்தில் இன்னொரு சட்டம். டிக் எத்தனை வாங்கினான் என்று அவருக்குத் தெரியாது, "அம்மா டிவி பார்க்கலாம்னு சொன்னாங்க" என்று பையன் புளுகினால் அதுவும் தெரியாது. இத்தகைய சிகிச்சை பலிக்க ஒரே சீரான விதி வேண்டும், ஷிப்ட் வீட்டில் அது தானாக வராது.

வழி கண்டுபிடித்தவர் மாப்பிள்ளைதான். ஒரு நீள நோட்டை வாங்கி, கோடு போட்டு, நேரம், வேலை, குறிப்பு, கையெழுத்து என்று நான்கு கட்டம் பிரித்து, சாப்பாட்டு மேசைக்கு மேலே ஆணியில் கயிறு கட்டித் தொங்கவிட்டார். "நம்ம லாக் புக் மாதிரியே. உன் ஷிப்ட் முடிஞ்சா எழுதி எனக்கு ஹேண்ட் ஓவர் பண்ணு." என் தங்கை முதலில் முறைத்தாள், பிறகு எழுதினாள்.

இந்த நோட்டு தொங்கிய இடமும் முக்கியம். அமெரிக்க உளவியலாளர் ரஸ்ஸல் பார்க்லி பல ஆண்டுகளாக வற்புறுத்தும் கருத்து ஒன்று உண்டு. ஏ.டி.எச்.டி. உள்ளவருக்கு என்ன செய்ய வேண்டும் என்பது தெரியும், தெரிந்ததைச் செய்யவேண்டிய கணத்தில் செய்யத்தான் முடிவதில்லை. ஆகவே உதவி அந்தக் கணத்தில், அந்த இடத்தில் இருக்க வேண்டும். பாண்டிச்சேரியில் ஓர் அறையில் புதன்கிழமை சொன்ன புத்திமதி, நெய்வேலியில் வெள்ளிக்கிழமை இரவு வகுத்தல் கணக்கு போடும்போது கூட வராது. மேசைக்கு மேலே தொங்கும் நோட்டு அங்கேயே இருக்கும். இதனால்தான் பள்ளியையும் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறார்கள்: முதல் வரிசையில் இடம், ஆசிரியர் தினமும் மூன்று கேள்விக்கு டிக் போட்டு வீட்டுக்கு அனுப்பும் ஒரு சின்ன அட்டை. நாற்பது பிள்ளைகளை வைத்திருக்கும் ஆசிரியருக்கு அதுவே பாரம்தான், ஒத்துக்கொள்கிறேன். என் காலத்தில் இப்படிப்பட்ட பையன்களுக்கு வகுப்பின் வெளிச்சுவர்தான் நிரந்தர இடம். நானும் அங்கே நின்றிருக்கிறேன்.

மருந்தைப் பற்றிச் சொல்லாமல் தெரபியை மட்டும் புகழ்ந்தால் அது நேர்மையாகாது. 1999-ல் வெளிவந்த எம்.டி.ஏ. என்ற வட அமெரிக்க ஆய்வில் 7 முதல் 9 வயதுள்ள 579 குழந்தைகளை நான்கு குழுவாகப் பிரித்து 14 மாதம் பார்த்தார்கள். கவனமாக அளவு பார்த்துக் கொடுத்த மருந்து ஒரு குழுவுக்கு, நடத்தைச் சிகிச்சை ஒரு குழுவுக்கு, இரண்டும் ஒரு குழுவுக்கு, ஊரில் வழக்கமாகக் கிடைக்கும் சிகிச்சை கடைசிக் குழுவுக்கு. கவனச்சிதறல், துறுதுறுப்பு ஆகிய மைய அறிகுறிகளில் மருந்துதான் தெரபியைவிட நன்றாக வேலை செய்தது. ஆனால் பதற்றம், பெற்றோருடன் உறவு போன்றவற்றில் இரண்டும் சேர்ந்த குழுவுக்குக் கொஞ்சம் கூடுதல் பலன் தெரிந்தது, அதுவும் குறைந்த மருந்தளவில். பிள்ளைக்கு மாத்திரையா என்று பயப்படும் வீடுகளுக்கும், மாத்திரை போதும் என்று நிறுத்திக்கொள்ளும் வீடுகளுக்கும் அந்த ஆய்வில் ஆளுக்கொரு பாடம் இருக்கிறது.

அதன் அடுத்த கட்டம் இன்னும் சுவாரசியம். மூன்று ஆண்டு கழித்துப் பார்த்தபோது நான்கு குழுக்களுக்கும் இடையிலான வித்தியாசம் கரைந்துபோயிருந்தது. தீவிரச் சிகிச்சை 14 மாதத்தோடு நின்றிருந்தது. தெரபி வீண் என்று இதைப் படித்தவர்கள் உண்டு. நெய்வேலிக்காரர்களுக்கு வேறு மாதிரி படிக்கத் தெரியும். இங்கே பழுப்பு நிலக்கரிப் படுகைக்குக் கீழே அழுத்தத்தோடு நிலத்தடி நீர் இருக்கிறது. 1957-ல் நேரு தொடங்கிவைத்த சுரங்கத்தில் 1961-ல்தான் நிலக்கரியைத் தொட முடிந்தது, அந்த நீரை அடக்குவது பெரிய தலைவலியாக இருந்தது. சுற்றிலும் ஆழ்துளைக் கிணறு போட்டு, இரவு பகலாக பம்ப் ஓட்டி அழுத்தத்தைக் குறைத்த பிறகே தோண்டினார்கள். இன்றைக்கும் ஓட்டுகிறார்கள். நிறுத்தினால் நீர் மேலே முட்டும். பம்ப் பயனில்லை என்று இதைக் கண்டு சுரங்கத்தில் யாரும் சொல்வதில்லை.

பையனின் அறிகுறிகளைக் கேட்கும் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தபோது மாப்பிள்ளை பேனாவைக் கீழே வைத்தார். "மச்சான், இதுல பாதி எனக்கும் இருக்கே." உளவியலாளர்கள் அடிக்கடி கேட்கும் வாக்கியம் இது. வேலையில் அவர் கெட்டி. ஆனால் இன்சூரன்ஸ் பிரீமியம் மூன்று முறை காலாவதி ஆகியிருக்கிறது, வண்டிச் சாவிக்கு நான்கு நகல், பாதியில் நிற்கும் மாடித் தோட்டம். மின் நிலையத்தில் எல்லாம் சரியாக நடந்ததற்கு லாக் புக்கும் பெர்மிட்டும் சைரனும் காரணம் என்று அப்போதுதான் அவருக்குத் தோன்றியது. வீட்டில் அவை இல்லை.

பெரியவர்களுக்கு உரியது அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, சுருக்கமாக சி.பி.டி. ஸ்டீவன் சாஃப்ரன் குழு 2010-ல் வெளியிட்ட சோதனையில், மருந்து சாப்பிட்டும் தொல்லை தீராத 86 பெரியவர்கள் பங்கேற்றார்கள். ஒரு பாதிக்கு 12 அமர்வு சி.பி.டி., மறு பாதிக்கு உடல் தளர்வுப் பயிற்சியும் ஆதரவும். அறிகுறி அளவுகோலில் நல்ல முன்னேற்றம் கண்டவர்கள் முதல் குழுவில் 67 சதவீதம், இரண்டாவதில் 33. அதே ஆண்டு மேரி சொலான்டோ 88 பேரிடம் நடத்திய குழுச் சிகிச்சையும் இதே திசையைத்தான் காட்டியது.

அமர்வுகளில் நடப்பதில் மர்மம் எதுவும் கிடையாது. ஒரே ஒரு காலண்டர், ஒரே ஒரு பட்டியல், இரண்டும் எப்போதும் கையில். 'மாடித் தோட்டத்தை முடிக்கணும்' என்று எழுதக் கூடாது, 'சனிக்கிழமை காலை இரண்டு தொட்டி வாங்கணும்' என்று எழுத வேண்டும். வேலை நடுவில் வேறு யோசனை வந்தால் அதன் பின்னால் ஓடாமல் ஓரத்தில் குறித்துவிட்டு, எடுத்த துண்டை முடித்த பிறகு போய்ப் பார்க்கலாம். ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சரின் 'இது நடந்தால் இதைச் செய்வேன்' என்ற உத்தியும் உதவுகிறது. ஏ.டி.எச்.டி. உள்ள குழந்தைகளிடமும் அதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 'சாவியை மறக்க மாட்டேன்' என்ற சபதம் நிற்காது. 'வாசலில் செருப்பைக் கழற்றினால் சாவியை ஆணியில் மாட்டுவேன்' என்பது நிற்கும், செருப்பே ஞாபகப்படுத்திவிடுகிறது.

இதைவிடக் கடினமான பகுதி மனதுக்குள் ஓடும் பேச்சு. நாற்பது வருடம் சோம்பேறி, பொறுப்பில்லாதவன் என்று கேட்டவர் ஒரு வேலையைத் தொடங்குமுன்பே 'எப்படியும் சொதப்பத்தான் போகிறேன்' என்று நினைக்கிறார், அந்த வேதனையைத் தவிர்க்கவே தள்ளிப் போடுகிறார், தள்ளிப் போட்டதால் சொதப்புகிறது. அந்த நினைப்பைப் பிடித்து, எழுதி, உண்மையா என்று விசாரிப்பது சி.பி.டி.யின் இன்னொரு பாதி. மாப்பிள்ளை இதைப் பற்றி என்னிடம் அதிகம் பேசவில்லை. ஒரு நாள் பையனை "மனசு வெச்சா முடியும்" என்று திட்ட வாயெடுத்து நிறுத்தியதை மட்டும் பார்த்தேன்.

கடைகளில் விற்கிற வேறு சில விஷயங்களுக்கு ஒரு பத்தி போதும். மூளை அலையைத் திரையில் காட்டிப் பழக்கும் நியூரோஃபீட்பேக், யாருக்கு உண்மைச் சிகிச்சை என்று மதிப்பிடுபவருக்குத் தெரியாமல் சோதித்தபோது நம்பும்படியான பலன் தரவில்லை. ஞாபகசக்தி விளையாட்டு ஆப்கள் அந்த விளையாட்டில் கெட்டிக்காரனாக்குகின்றன, கணக்கு நோட்டுக்கு அது வருவதில்லை. சர்க்கரைதான் காரணம் என்பதும் தவறு. 1994-ல் ஓர் ஆய்வில் எல்லாப் பையன்களுக்கும் சர்க்கரையே இல்லாத இனிப்புப் பானம் கொடுத்து, பாதி அம்மாக்களிடம் மட்டும் சர்க்கரை கொடுத்ததாகச் சொன்னார்கள். அந்த அம்மாக்கள்தான் தங்கள் பிள்ளை அதிகம் துறுதுறுக்கிறான் என்று மதிப்பெண் போட்டார்கள்.

நெய்வேலியிலிருந்து பார்த்தால் பாண்டிச்சேரி ஜிப்மரின் மனநலத் துறை பேருந்தில் போய்வரும் தூரம்தான். வேலூர் சி.எம்.சி.யில் குழந்தைகளுக்கென்றே மனநலப் பிரிவு இருக்கிறது. எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் 2022 முதல் இயங்கும் அரசின் டெலி மானஸ் எண் 14416-ஐ அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். சட்டத்தில் மட்டும் ஓர் இடைவெளி உண்டு: 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் கற்றல் குறைபாடு இருக்கிறது, ஆட்டிசம் இருக்கிறது, ஏ.டி.எச்.டி. தன் பெயரில் இல்லை.

போன மாதம் மறுபடி போனேன். நோட்டு அதே ஆணியில் தொங்கியது, ஓரமெல்லாம் எண்ணெய்க் கறை. நடுவில் இரண்டு வாரம் வெறும் பக்கம். பள்ளி லீவு, எழுத விட்டுவிட்டோம், திரும்ப வீடே ரெண்டாகிவிட்டது, மறுபடி ஆரம்பித்தோம் என்றாள் தங்கை. கடைசிப் பக்கத்தில் கையெழுத்து மாறியிருந்தது. பையனே எழுதத் தொடங்கியிருக்கிறான், கையெழுத்துக் கட்டத்தில் அப்பாவைப் போலவே ஒரு கிறுக்கல்:

'7.10 கணக்கு ஆரம்பம். 7.22 பென்சில் காணோம். 7.31 பென்சில் கிடைத்தது. காதில் இருந்தது. 7.55 நாலு கணக்கு முடிந்தது. ஒண்ணு பாக்கி, அப்பா ஷிப்ட்டுக்கு ஒப்படைக்கப்பட்டது.'